கைப்பேசி வழியே பரவிய அச்சம்: வாசகர் கேள்வி – பதில்

கொரோனாக் காலத்தில் கைப்பேசி வழியே பரவிய செய்திகள், அவற்றால் மக்களின் பேச்சிலும் பழக்கத்திலும் ஏற்பட்ட மாற்றங்கள் ஆகியவை குறித்துக் குமரி மாவட்ட வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். ஒரே பொருளைப் பேசிய கடிதங்களைச் சேர்த்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே தருகிறோம். எழுதியவர்களில் சிலர் கேட்டுக்கொண்டதால், அனைவரின் பெயர்களையும் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்குத்தான். அப்படியிருந்தும் 2020 மார்ச்சில், ‘இன்றிரவு ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கிறார்கள், கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவிடுங்கள்’ என்று வந்த குரல்பதிவை எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே பலர் பகிர்ந்தார்கள். படித்தவர்கள் எப்படி ஏமாந்தோம்? (ஓர் ஆசிரியை, தக்கலை)

பதில்: அந்தக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நள்ளிரவில் வந்து விழும் ஒரு குரலை நம்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் திறனை எந்தக் கணக்கெடுப்பும் அளந்ததில்லை. உங்கள் குழுவில் பகிர்ந்தவர்களும் செய்தியை எடைபோட்டுப் பார்த்து நம்பியிருக்க மாட்டார்கள். அனுப்பியவரை நம்பினார்கள், அவ்வளவுதான். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை அனுப்புகிறார், அவருக்கு நாத்தனார் அனுப்பியிருக்கிறார், நாத்தனாருக்குத் துபாயில் இருக்கும் தம்பி அனுப்பியிருக்கிறார். வளைகுடாவிலோ எல்லைக்கு அப்பால் கேரளத்திலோ ஓர் உறவினராவது இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு என்பதால், வெளியுலகச் செய்தி நமக்கு உறவின் வழியாகத்தான் வந்து பழக்கம். அண்ணன் சொன்னால் அதற்கு மேல் விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் நாம், அண்ணனும் வேறு யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

அவ்வகைக் குரல்பதிவுகளைச் சற்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தால் அவற்றின் கட்டமைப்பு புலப்படும். பேசுபவர் தம் பெயரைச் சொல்வதில்லை. ‘நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறேன்’ என்று மட்டும் சொல்வார். தேதி இருக்காது, ‘இன்றிரவு’ என்றுதான் இருக்கும். ஆகையால் எந்த நாளில் கேட்டாலும் அது இன்றைக்கே பொருந்தும். குரலில் சிறு பதற்றமும், ‘சொல்லக்கூடாது, ஆனாலும் உங்களுக்காகச் சொல்றேன்’ என்ற நெருக்கமும் இருக்கும். முடிவில், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லும் வேண்டுகோள் வரும். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி மட்டும் மாறுமே தவிர, மற்றவை மாறுவதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பலவீனமும் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்றும், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது என்றும் அதில் கண்டறிந்தார்கள். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்ச் செய்தி புதுமையாகவும் வியப்பூட்டுவதாகவும் இருந்ததே அதற்கான காரணம் என்பது அவர்களின் கணிப்பு.

ஆயினும் மக்களின் அறியாமை என்று இதை முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. நாளை ரேஷன் கடை திறக்குமா, களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டி நெய்யாற்றின்கரையில் சிகிச்சையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க விடுவார்களா, பிறந்த குழந்தைக்குப் போடவேண்டிய ஊசியை எங்கே போடுவது என்ற கேள்விகளுக்கு அன்றிரவு யாரிடமும் விடை இல்லை. மாலைதோறும் வந்த அரசுச் செய்திக்குறிப்பு மாவட்ட வாரியாக எண்ணிக்கையைச் சொன்னது; எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? அதே நாள்களில் கேரள முதலமைச்சர் மாலைதோறும் நேரில் பேசியதை விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் அறிந்தவர்கள் காத்திருந்து பார்த்ததற்குக் காரணம் அரசியல் அன்று. தங்கள் கேள்விக்கு யாரேனும் விடை சொல்வார்களா என்ற தவிப்பு. விடை இல்லாத இடத்தில் வதந்தி குடியேறிவிடுகிறது. அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தவர்களின் பொறுப்பு, உங்கள் சக ஆசிரியர்களின் பொறுப்பைவிடப் பெரிது என்பது என் கருத்து.

கேள்வி: என் கணவர் ஈரானில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டு 2020 ஜூலையில் கப்பலில் திரும்பினார். முகாமில் இருந்து, சோதனையில் தொற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் வீட்டுக்கு வந்தார். ஆனால் அதற்குள் அவருடைய படத்தையும் எங்கள் தெருவின் பெயரையும் போட்டு, ‘இந்தப் பகுதிக்காரர்களிடம் மீன் வாங்காதீர்கள்’ என்று செய்தி பரவிவிட்டது. கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போன என் மாமியாரைப் பல வருடமாக வாங்கும் வீட்டார்கூடக் கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பினார்கள். இப்போது எல்லோரும் பழையபடி பேசுகிறார்கள். எனக்குத்தான் பேச வரவில்லை. என்னிடம் குற்றமா? (ஒரு வாசகி, குளச்சல்)

பதில்: உங்களிடம் குற்றம் ஏதும் இல்லை, சகோதரி. உங்கள் கணவர் வந்த ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். மாதக்கணக்கில் ஊதியமின்றி, அன்னியத் துறைமுகத்தில் படகிலேயே தங்கி, கொடுத்ததை உண்டு பிழைத்து வந்தவர்களை ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். அதற்கு மாறாகப் படம் எடுத்துப் பரப்பினார்கள்.

அது ஒழுக்கக்கேடு மட்டுமல்ல, அரசின் அறிவுரைக்கும் எதிரானது. தொற்றுக்கு ஆளானவர்கள், தனிமையில் வைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பெயரையோ அடையாளத்தையோ அவர்கள் வசிக்கும் பகுதியையோ சமூக ஊடகங்களில் பரப்பக் கூடாது என்று மத்தியச் சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. ஆனால் நடைமுறை வேறு செய்தியைச் சொன்னது. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். தகரத்தைக் கண்ட கண்ணுக்கு அறிவுரை தெரிவதில்லை. தகரத்தின் படம்தான் அடுத்த பத்து நிமிடங்களில் குழுக்களில் வலம்வரும். அத்தகைய அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டாரைப் பிறர் தீண்டத்தகாதவர் போல் நடத்துகிறார்கள் என்பது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குச் சென்றது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி நோயாளியின் வீட்டுக்கு வெளியே அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் தெருவுக்கு அது ஐந்து மாதம் தாமதமாக வந்த நீதி.

இந்த அச்சம் எந்த அளவுக்குப் போகும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மூத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடி, ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. முறையாகக் கையாளப்பட்ட உடலால் கூடுதல் ஆபத்து இல்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அதற்கு முன்பே கூறியிருந்தது. அதன் பிறகு, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

பழையபடி பேச வரவில்லை என்கிறீர்கள். அதற்கு அவசரமும் இல்லை. கதவைத் திறக்காதவர்களில் யாரேனும் ஒருவர் உங்கள் மாமியாரிடம் வந்து வருத்தம் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். சொல்லாதவர்களிடம் மீன் விற்கலாம். மனத்தைத் திறக்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

கேள்வி: இவ்வளவு தீமை செய்த சமூக ஊடகங்களைப் பெருந்தொற்று முடியும்வரை அரசு முடக்கி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்காதா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: இருந்திருக்காது. மேலே எழுதியிருக்கும் குளச்சல் சகோதரியின் கணவர் ஊர் திரும்பியதிலேயே சமூக ஊடகத்துக்குப் பங்கு உண்டு. ஈரானில் சிக்கிய நம் மீனவர்கள் படகில் நின்றபடி, ‘குடிதண்ணீர் இல்லை, எங்களை மீட்டுக்கொண்டு போங்கள்’ என்று கைப்பேசியில் எடுத்து அனுப்பிய காணொளிகள்தாம் கடற்கரை ஊர்களிலிருந்து செய்தித் தொலைக்காட்சிகளுக்கும் அங்கிருந்து அதிகாரிகளின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களின் குரல் கரைக்கு எட்டாமல் போனதை நம் கடற்கரை மறந்துவிடவில்லை; ஈரானிலிருந்து அந்தக் குரல் எட்டியது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஆக்ஸிஜன் படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்பதை மக்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அப்படிக் கேட்பவர்கள்மீது வதந்தி பரப்புவதாக நடவடிக்கை எடுப்பதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று எச்சரிக்க வேண்டியிருந்தது. முடக்கும் அதிகாரத்தை நாம் கொடுத்துவிட்டால், அது முதலில் ஹெலிகாப்டர் வதந்தியின்மீது பாயுமா, ஆக்ஸிஜன் கேட்டவர்மீது பாயுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், தம்பி.

நிறுவனங்கள் செய்யக்கூடியதில் பயனளித்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியால் நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள்; திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியும் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்திகளுக்கு அந்த வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே பின்னர் கூறியது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி காணப்பட்டால் அது அவ்வாறு பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். யாரையும் சிறையில் அடைக்காமல், யாருடைய செய்தியையும் படிக்காமல் வேகத்தை மட்டும் குறைத்த வழி அது.

கேள்வி: நடிகர் விவேக் இறந்த செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பா தடுப்பூசியே போட மாட்டேன் என்று இருந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் அவருடன் பால் வெட்டும் தொழிலாளர்களும் அப்படியே. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பார்த்தாயா, நான்தான் சரி’ என்று இன்றும் சொல்கிறார். என்ன பதில் சொல்வது? (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு நம்பிக்கை ஏற்படுத்தும் நோக்கத்துடன், செய்தியாளர்கள் அறியத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு 17ஆம் தேதி காலமானார். முதல் நாள் தொலைக்காட்சியில் ஊசியையும் மூன்றாம் நாள் அஞ்சலியையும் பார்த்த ஒரு மனிதர் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருந்தால்தான் வியப்பு. தடுப்பூசிக்குப் பின் நேரும் விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அந்த ஆண்டு அக்டோபரில் முடிவு தெரிவித்தது. ஆறு மாதம்! ஏப்ரலில் எழுந்த கேள்விக்கு அக்டோபரில் வந்த பதிலை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

உங்கள் அப்பாவுக்குக் கணக்காகச் சொல்லிப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இறக்கிறார்கள். மாரடைப்பு அதற்குரிய முதன்மைக் காரணங்களில் ஒன்று. அந்த ஏப்ரலில் நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் அல்லது முன்களப் பணியாளர்கள். ஊசியே இல்லாதிருந்தாலும் அவ்வளவு பேரில் சிலர் அடுத்த இரண்டு மூன்று நாள்களில் மாரடைப்பால் இறந்துதான் இருப்பார்கள். ஊசி போட்டபின் இறந்தார் என்பது உண்மை. ஊசியால் இறந்தார் என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

அதே வேளையில், ஊசியால் எவருக்கும் எந்தத் தீங்கும் இல்லவே இல்லை என்று அடித்துப் பேசாதீர்கள். கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தக்கட்டுச் சிக்கல் வருவது 2021லேயே மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. அரிது என்பதையும் அது எதனோடு ஒப்பிட்டால் அரிது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். ஒளித்துவிட்டு, பின்னொரு நாள் அவர்களே கைப்பேசியில் அதைக் கண்டுபிடித்தால் நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நிராகரிப்பார்கள். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லும் வாய்ப்பு இருப்பவர்தான் சொல்ல முடியும். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எச். வசந்தகுமார், தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் 2020 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். அப்போது தடுப்பூசியே வந்திருக்கவில்லை. இதையும் அப்பாவிடம் சொல்லலாம், வாதத்துக்காக அல்லாமல்.

கேள்வி: 2020 ஏப்ரலில், தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் டெல்லி மாநாட்டுக்குப் போனவர்களைக் காரணம் காட்டி எங்கள் சமுதாயத்தையே நோய் பரப்புபவர்கள் என்று எழுதினார்கள். கூடப் படித்த நண்பர்கள் அனுப்பியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. (ஒரு வாசகர், திருவிதாங்கோடு)

பதில்: அந்த மாநாட்டில் கலந்துகொண்ட சிலருக்குத் தொற்று இருந்தது உண்மை. அதே நாள்களில் திருமணம், திருவிழா, விமானப் பயணம், சந்தை என்று எல்லா வழியாகவும் தொற்று வந்துகொண்டிருந்ததும் உண்மை. ஒன்றுக்கு மட்டும் மதத்தின் பெயர் சூட்டப்பட்டது. தமிழக அரசின் செய்திக்குறிப்பிலும் தொடக்கத்தில் மாநாட்டின் பெயர் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, ஒரே இடத்திலிருந்து வந்த தொற்று என்று மாற்றி எழுதினார்கள். மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டினர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் ஊடகங்கள் பெரும் பரப்புரை செய்தன என்றும் கண்டித்தது.

இந்துக்களும் கிறித்தவர்களும் ஏறக்குறைய சம அளவிலும், முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகவும் வாழும் மாவட்டம் இது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அப்போது கைப்பேசி இல்லை. ஊர்விட்டு ஊர் வாய்வழியே செய்தி போவதற்கு நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் யாரேனும் ஒரு பெரியவர் குறுக்கிட்டுத் தடுக்க வழி இருந்தது. இப்போது அந்த இடைவெளி இல்லாததால், தடுக்கவேண்டியவர் அனுப்புகிறவரேதான். உங்கள் நண்பர்களில் நெருக்கமான ஒருவருக்காவது, அவர் அன்று அனுப்பியதை அவருக்கே திருப்பி அனுப்பி, இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேளுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக.

கேள்வி: கபசுரக் குடிநீர் குடித்தால் கொரோனா வராது என்று அரசே சொன்னதல்லவா? (ஒரு வாசகர், அருமனை)

பதில்: இல்லை. பதினைந்து மூலிகைச் சரக்குகள் சேர்ந்த அந்தச் சித்த மருந்தை நோய் எதிர்ப்பாற்றலுக்கு என்று சொல்லித்தான் அரசு வழங்கியது. குடித்தவர்கள் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று சேர்த்து எழுதியது வாட்ஸ்அப்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். 256 பேர் இருந்த குழு இப்போது இன்னும் பெருகிவிட்டது. யாராவது வதந்தி போட்டால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்கிறார்கள். விலகிவிடலாமா? (ஒரு வாசகர், வடசேரி)

பதில்: விலக வேண்டாம். 2020இல் பல மாவட்டங்களில் அட்மின்மீதும் வழக்குப் பாயும் என்று எச்சரிக்கைகள் வெளிவந்தது உண்மைதான். ஆனால் நீதிமன்றங்கள் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. நம் மாவட்டத்துக்கு அதிகார வரம்பு உள்ள சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அட்மின் என்ற பொறுப்பைத் தவிர வேறு பங்கு இல்லாதவரின் பெயரை வழக்கிலிருந்து நீக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் கூறியது. கேரள உயர்நீதிமன்றமும் 2022இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அவரே பொறுப்பு.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவும் முடியாது. பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கை பரப்பி மக்களிடையே பீதி ஏற்படுத்துவோருக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. அட்மின் தாமே அத்தகைய செய்தியைப் பரப்பினாலோ, திட்டமிட்டுத் துணைநின்றாலோ அட்மின் என்ற பெயர் அவரைக் காப்பாற்றாது. நெருக்கடி நேரத்தில் அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி குழுவை மாற்றிவைக்கும் வசதி இருக்கிறது. புயல் எச்சரிக்கை வரும் நாள்களிலேயே அதைப் பழக்கப்படுத்திக்கொண்டால், வேறொரு தொற்று வரும்போது உறுப்பினர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொய் என்று தெரிந்த பதிவை நீக்கும்போது, ஏன் நீக்கினீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். வெறுமனே நீக்கினால், எதையோ மறைக்கிறார் என்ற புதிய வதந்தி கிளம்பும். பதிவிட்டவர் மூத்தவராக இருந்தால் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நீக்குவது நல்லது.

காலை வணக்கப் படங்களை நிறுத்த வழி உண்டா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உரிய சட்டப்பிரிவு இன்னும் இயற்றப்படவில்லை.